லாக்: பூட்டா, மதகா, படிமடையா?

இங்கிலாந்தில் பென்னைன் மலைகளைக் குறுக்கே கடக்கும் ஹடர்ஸ்ஃபீல்டு நேரோ கால்வாயில் ஒரு பகல் படகோட்டப் போகிறவர் முதலில் பழகும் சொல் 'லாக்' (lock): மேட்டிலும் பள்ளத்திலும் படகை ஏற்றி இறக்கும் அமைப்பு. 20 மைல் கால்வாயில் 74 லாக்குகள். ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து மார்ஸ்டன் ஊர்வரை ஏறுவதற்கு மட்டும் 42. ஒன்றுக்குக் கால் மணி நேரம் என்று வைத்தாலும் பத்தரை மணி நேரம் அதிலேயே போய்விடும். சுற்றுலா என்று கிளம்பி, மாலையில் தோள்பட்டை வலியோடு இறங்கவேண்டியதுதான்.

லாக் என்றதும் நாம் 'நீர்ப்பூட்டு' என்று எழுதிவிடுகிறோம். எனக்கு அது உறுத்துகிறது. பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குத் தாழ்ப்பாள் என்ற பொருளோடு, அடைக்கப்பட்ட இடம் என்ற பொருளும் உண்டு. கால்வாய்க்குப் பொருந்துவது இரண்டாவது.

ஏனென்றால் லாக் என்பது இரு முனையிலும் கதவு வைத்த ஒரு நீள் தொட்டி. படகு கீழ்க்கதவு வழியே நுழைந்ததும் அதைச் சாத்திவிட்டு, விண்ட்லஸ் என்னும் திருகு கைப்பிடியால் மேல்முனையில் தண்ணீர் விடும் ஷட்டரைத் தூக்குவார்கள். தண்ணீர் உள்ளே பாய, படகு மிதந்தபடியே உயரும். இருபுற மட்டமும் ஒன்றாகும்வரை எத்தனை பேர் முட்டினாலும் மேல்கதவு அசையாது. தண்ணீரே அதை அழுத்திப் பிடித்திருக்கும். இறங்கும்போதுதான் ஆபத்து. மேல்கதவின் அடியில் 'சில்' என்றொரு திட்டு துருத்தி நிற்கும். படகின் பின்பகுதி அதில் உட்கார்ந்துவிட்டால் முன்பகுதி தண்ணீருக்குள் சாயும். சில்லுக்குப் புதுச்சொல் வேண்டாம், நம் வீட்டு நிலைப்படிதான் அது.

இங்கே ஓடும் படகுக்கு நேரோபோட் (ஒல்லிப் படகு) என்ற பெயர் வந்ததற்கும் காரணம் லாக்தான். இந்தக் கால்வாயின் லாக்குகள் ஏறத்தாழ 7 அடி அகலம். அதற்குள் நுழைய, படகு அதைவிட ஒல்லியாக இருந்தாக வேண்டும்.

அப்படியானால் 'மதகு' எனலாமா? மதகு தண்ணீர் விடுவது, படகை ஏற்றாது. அந்த ஷட்டருக்கு மட்டும் அது சரி. கோதாவரி, கிருஷ்ணா கால்வாய்க் கரைகளில் தெலுங்கர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் 'லாக்குலு' என்றே வைத்துக்கொண்டார்கள். நாமும் பேச்சில் லாக் என்றே சொல்லலாம். எழுத்தில் ஒரு சொல் வேண்டுமென்றால் என் தேர்வு 'படிமடை'. தண்ணீரை அடைத்துத் திறப்பதால் மடை, படகு படிபடியாக ஏறுவதால் படி. அடுத்தடுத்து நிற்கும் லாக்குகளைப் 'படிமடை வரிசை' என்றால் கண்முன் படிக்கட்டே விரியும்.

மார்ஸ்டனில் படிகள் முடிந்து, 1811இல் திறந்த ஸ்டாண்டெட்ஜ் சுரங்கம் தொடங்குகிறது. மூன்றேகால் மைல்; அந்நாளில் படகை இழுத்த குதிரை நடக்க உள்ளே கரைப்பாதை இல்லை. குதிரையை மலைமேல் ஓட்டிச் செல்ல, படகுக்காரர்கள் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உந்தி உந்திப் படகை நகர்த்தினார்கள். அதற்குப் பெயர் 'லெக்கிங்'. தமிழில் 'சுவருதைப்பு' என்றால் போதாதா?