முக்காலி மேசைய ஒருதரம் கவிழ்த்துப் பாருங்க

நடுவுல ஒரே தண்டு, அதோட அடியிலேர்ந்து விரியற மூணு கால், மேல ஒரு வட்டப் பலகை, இப்படி இருக்கிற பழைய மூணு கால் மேசைய ரிப்பேருக்குக் கொண்டுவர்றவங்கள்ல பாதிப் பேர் "இது ஆடவே ஆடாதுங்க, எப்படி உடைஞ்சுதுன்னே தெரியல"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. ஆடாதுங்கறது உண்மைதான். மூணு புள்ளி எப்பவும் ஒரே தளத்துல உக்காந்துரும், தரை மேடும் பள்ளமுமா இருந்தாலும் மூணு காலும் தரையத் தொட்டுரும், நாலு கால் மேசைல ஒரு கால் தூக்கிக்கிட்டு லொடலொடன்னு ஆடுமே, அந்தப் பேச்சே இங்க கிடையாது. ஆனா ஆடாதது வேற, கவிழாதது வேற. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கிறதுனாலதான் நான் பாத்த உடைசல்ல பெரும்பாலானது நடந்திருக்கு.

ஒரு சின்னக் கணக்கு. மேசையோட நடுவுலேர்ந்து ஒவ்வொரு கால் நுனியும் 30 செ.மீ. தள்ளி இருக்குன்னு வைங்க. கால் இருக்கிற திசையில அழுத்தினா நடுவுலேர்ந்து அந்த 30 செ.மீ. வரைக்கும் கவிழாம தாங்கும். ரெண்டு காலுக்கு நடுவுல அழுத்தினா? தாங்குறது வெறும் 15 செ.மீ. தான், சரிபாதி. நாலு காலா இருந்தா அதே அளவுக்கு 21 செ.மீ. கிடைக்கும். இப்ப மேல இருக்கிற பலகை 80 செ.மீ. வட்டம்னா, ரெண்டு காலுக்கு நடுவுல 25 செ.மீ. பலகை அடியில ஒண்ணுமே இல்லாம வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. சோஃபாவிலேர்ந்து எழுந்திரிக்க ஒரு வயசானவங்க அந்த இடத்துல கைய ஊனுறாங்க, இல்ல நடை பழகுற குழந்தை விளிம்பப் பிடிச்சுத் தொங்குது, அவ்வளவுதான். என்கிட்ட வந்த ஒரு மேசைக்கு இதுதான் நடந்துச்சு, ஒரு அம்மா கைய ஊனி எழுந்திரிச்சிருக்காங்க, மேசை சாஞ்சு, அவங்களும் விழுந்து மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. மேசைய ஒட்டிரலாம். அதனால வீட்டுல வயசானவங்களோ சின்னப் பிள்ளைங்களோ இருந்தா, கை ஊனுற இடத்துல, உக்கார்ற இடத்துக்குப் பக்கத்துல இத வைக்காதீங்க, சுவரோரமா ஒரு மூலையில வைங்க.

உண்மையில இதுங்க வேலையில்லாத நேரத்துல மூலையில நிக்கறதுக்குன்னே செஞ்சதுதான். 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்துல டீ குடிக்கிற பழக்கம் பரவினப்ப, வேணுங்கிறப்ப நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்து விரிச்சு, வேலை முடிஞ்சதும் பலகைய செங்குத்தா மடக்கி ஓரமா நிறுத்துற மாதிரி செஞ்சாங்க. 1721-ல அமெரிக்க, மேற்கிந்தியக் காலனி மரத்து மேல இருந்த இறக்குமதி வரிய இங்கிலாந்து எடுத்துருச்சு, அதுக்கப்புறம் மஹோகனி வரத்து ஏறிக்கிட்டே போச்சு. ஒட்டே இல்லாம ஒரே பலகைல அகலமான வட்டம் வெட்டுற அளவுக்குப் பெரிய மரம், செதுக்கவும் வாகா இருக்கும். அடியில கூண்டு மாதிரி ரெண்டு சதுரப் பலகை, நடுவுல கடைசல் பிடிச்ச நாலு குட்டித் தூண், இத பறவைக்கூண்டுன்னே சொல்லுவாங்க, அது இருந்தா பலகை மடங்கறதோட சுத்தவும் செய்யும். அந்தக் கூண்ட தண்டோட பிடிச்சு நிறுத்துறது ஒரு சின்ன மர ஆப்பு. வீடு மாத்தும்போது கழட்டி, அந்த ஆப்பத் தொலைச்சுட்டு, அதுக்குப் பதிலா ஆணி அடிச்சு வச்சிருக்கிறத எத்தனையோ தடவ பாத்துட்டேன், ஒவ்வொரு தடவையும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.

சரி, கவிழ்த்துப் பாருங்கன்னு ஏன் சொல்றேன்னா, இந்த மேசையோட உயிர் இருக்கிறது தண்டும் காலும் சேர்ற இடத்துல. ஒவ்வொரு காலோட மேல்முனையையும் புறாவால் மாதிரி விரிச்சு வெட்டி, தண்டுல அதுக்குன்னு வெட்டின பள்ளத்துக்குள்ள, அதாவது காடிக்குள்ள, அடியிலேர்ந்து மேல தள்ளி ஏத்தியிருப்பாங்க. மேல பாரம் ஏற ஏற கால் வெளிய விரியப் பாக்கும், அப்ப ஜாயின்ட்டோட மேல்பக்கம் தண்டுக்குள்ள அழுந்தும், கீழ்ப்பக்கம் வாயத் திறக்கும். அடியில ஒரு மயிரிழை இடைவெளி தெரிஞ்சா அதுதான் முதல் அறிகுறி. அப்படியே விட்டா ரெண்டு காடிக்கு நடுவுல இருக்கிற தண்டோட மரம் பிளந்துரும், அது பெரிய வேலை. இதுக்காகத்தான் அடியில மூணு கை விரிச்ச மாதிரி ஒரு இரும்புத் தகடு வச்சிருப்பாங்க, பல மேசைல அது செஞ்ச காலத்துலேர்ந்தே இருக்கும், சிலதுல பின்னாடி யாரோ போட்டது. தகடு இருக்குன்னு பயப்படவும் வேண்டாம், நம்பி விட்டுறவும் வேண்டாம், அதுக்குப் பின்னால விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

இன்னொரு பலவீனம் கணுக்கால். வளைஞ்ச காலா வெட்டும்போது மரத்தோட ரேகை அங்க குறுக்கால ஓடும், தரையில தரதரன்னு இழுத்தா அந்த இடத்துலதான் படக்குன்னு போகும். எப்பவும் தண்டப் பிடிச்சுத் தூக்குங்க, பலகையப் பிடிச்சு இல்ல. மடக்குற பலகைக்கு அடியில ஒரு பித்தளைக் கொக்கி இருக்கும், தேஞ்சு போயிருந்தா பலகை திடீர்னு சாயும், மேல இருக்கிறதெல்லாம் கீழ.

வாங்கப் போறவங்களுக்கும் இதே கவிழ்க்கிற வேலைதான். மேல்பலகை ஒரு மேசையோடது, கால் வேற மேசையோடதுன்னு ரெண்டையும் சேர்த்து விக்கறது இந்த வகைல ரொம்ப ரொம்ப சகஜம். பலகையோட அடியில, தண்டோட உச்சியில இருக்கிற கட்டையோ கூண்டோ வருஷக்கணக்கா அழுந்தின தடம் இருக்கணும், அது இப்ப இருக்கிற கட்டையோட பொருந்தணும். சம்பந்தமில்லாத ஸ்க்ரூ ஓட்டை, அடைச்ச ஓட்டை இருந்தா கேள்வி கேளுங்க. டேப் எடுத்து வட்டத்த ரெண்டு திசையில அளந்து பாருங்க, மரம் ரேகைக்குக் குறுக்கால சுருங்கும், நீளவாக்குல கிட்டத்தட்ட சுருங்காது, அதனால உண்மையான பழைய வட்டம் இன்னிக்கு சரியான வட்டமா இருக்காது, குறுக்கால சில மில்லிமீட்டராவது குறையும். ரெண்டு பக்கமும் அச்சு மாதிரி ஒரே அளவு வந்தா எனக்கு சந்தேகம் வந்துரும். ஸ்க்ரூவ ஒண்ணு கழட்டிப் பாக்க முடிஞ்சா இன்னும் நல்லது, நுனி கூரா இருக்கிற ஸ்க்ரூ 1840-களுக்குப் பிறகு வந்த சரக்கு, ஆனா ரிப்பேர்ல மாத்தியிருக்கலாம், அது ஒண்ண மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

விளிம்பு அலை அலையா செதுக்கின மேசைக்கு மவுசு ஜாஸ்தி, அதனாலேயே சாதாரண பலகைய பின்னாடி குடைஞ்சு அந்த மாதிரி ஆக்கிருவாங்க. நிஜமானதுல தடிமனான பலகைய எடுத்து, விளிம்ப விட்டுட்டு நடுவ இறக்கியிருப்பாங்க. பின்னாடி குடைஞ்சதுல பலகை ரொம்ப மெலிசாப் போயிருக்கும், அடியிலேர்ந்து போட்ட ஸ்க்ரூவோட ஓட்டை சில சமயம் மேல்பக்கம் எட்டிப் பாக்கும். வண்டு துளையையும் கவனிங்க. பூச்சி வெளிய வந்த துளை 2 மி.மீ. அளவுல வட்டமா இருக்கும், ஆனா மேற்பரப்புல வாய்க்கால் மாதிரி நீளமா ஓடுற தடம் தெரிஞ்சா, உளுத்த மரத்த அதுக்கப்புறம் யாரோ அறுத்தோ இழைச்சோ இருக்காங்கன்னு அர்த்தம். துளையிலேர்ந்து வெளிறின பொடி புதுசா கொட்டுனா பூச்சி இன்னும் உள்ள உயிரோட இருக்கு, அத மத்த மரச் சாமானோட சேர்த்து வைக்காதீங்க.

குட்டி மேசைங்கள்ல நிறைய, கணப்பு அடுப்போட சூடு முகத்துல படாம மறைக்க வச்சிருந்த தட்டிக் கம்பத்தோட கால்தான். தட்டி தேவைப்படாத காலம் வந்ததும் கம்பத்த வெட்டிட்டு மேல ஒரு பலகைய மாட்டிட்டாங்க. பாக்க அழகுதான், தெரிஞ்சு வாங்கினா தப்பே இல்ல, பழைய டீ மேசைன்னு காசு குடுக்காதீங்க. உயரமான மூணு கால் விளக்கு ஸ்டாண்டுல மண்ணும் தண்ணியுமா பூந்தொட்டி வைக்கிறது வேண்டவே வேண்டாம், மெழுகுவத்தி தாங்க செஞ்சது அது.

பராமரிப்புன்னா பெருசா ஒண்ணுமில்ல. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ மெழுகு பாலிஷ், நேர் வெயில் படாத இடம், அவ்வளவு போதும். சிலிகான் கலந்த ஸ்ப்ரே வேண்டாம். உப்புத்தாள் வச்சுத் தேய்க்கவே கூடாது, இருநூறு வருஷத்து நிறம் பத்து நிமிஷத்துல போயிரும், அத என்னால திருப்பிக் கொண்டுவர முடியாது. தரை துடைக்கும்போது கால் நுனிய ஈரமாக்காதீங்க, மரம் அங்கதான் தண்ணிய உறிஞ்சும்.

கடைசியா, உடைஞ்சுட்டா. போன மாசம் வந்த மேசைல முன்னாடி ஒருத்தர் ஜாயின்ட் முழுக்க எபாக்ஸி பசைய ஊத்தி, பக்கவாட்டுல ரெண்டு நீளமான ஸ்க்ரூவும் ஏத்தியிருந்தார். அந்தக் காலத்துல போட்டது வஜ்ஜிரம், அதாவது மாட்டுத் தோல், எலும்பக் காய்ச்சி எடுக்கிற பசை, வெதுவெதுப்பும் ஈரமும் குடுத்தா இளகும், மரத்துக்கு சேதமில்லாம கழட்டி மறுபடி ஒட்டலாம். எபாக்ஸி இளகாது. அடுத்த தடவ பாரம் வந்தப்ப ஒட்டு விடல, பக்கத்துல இருந்த நல்ல மரம் பிளந்துருச்சு, தண்டோட அடிப்பாகத்த அறுத்து எடுத்துட்டு புது மரம் சேர்க்க வேண்டியதாப் போச்சு. அதனால கால் கழண்டு வந்தா எதையும் ஒட்டாதீங்க, ஆணி அடிக்காதீங்க. கீழ விழுந்த சிராய், நகத்தளவு துண்டா இருந்தாலும், பொறுக்கி ஒரு கவர்ல போட்டு அந்தக் காலோடயே சேர்த்துக் கட்டி, வேலை தெரிஞ்ச ஆள்கிட்ட கொண்டுபோங்க.