சின்னமுத்து ஊசி: 9 மாதம் ஏன், பிறகு 3 வயது ஏன்?

மாங்குளம் பக்கம் கிளினிக் நாளில் இளம் தாய்மார் அடிக்கடி கேட்பது இது: "மிஸ், சின்னமுத்து (தட்டம்மை, measles) ஊசியை 9 மாதத்துக்கு முதலே போட்டால் என்ன?"

நியாயமான கேள்வி. இந்த நோய் கைக்குழந்தைகளைத்தான் மோசமாகப் படுத்தும், நியூமோனியா வரைக்கும் கொண்டுபோய் விடும். ஆனால் ஊசியில் இருப்பது பலவீனமாக்கிய உயிருள்ள வைரசு. அது பிள்ளையின் உடம்பில் கொஞ்சம் பெருகினால்தான் உடம்பு அதை அடையாளம் பிடித்து, அதை எதிர்க்கும் புரதங்களான பிறபொருளெதிரிகளைச் செய்யப் பழகும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரிகள் பிள்ளையின் இரத்தத்தில் இன்னும் இருந்தால், ஊசி வைரசைப் பெருக விடாமல் அவையே அழித்துவிடும். மாதம் போகப்போகத்தான் அவை குறையும். அதோடு 6 மாதப் பிள்ளையின் எதிர்ப்புத் தொகுதி இன்னும் முதிரவில்லை, தாயின் பிறபொருளெதிரி இல்லாவிட்டாலும் அது செய்வது குறைவுதான்.

9 மாதத்தில் போட்டால் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 85 பேருக்கு எதிர்ப்புச் சக்தி வருகிறது, 12 மாதத்தில் 95 அளவில். அப்படியென்றால் ஒரு வயது வரை பொறுக்கலாமே? இலங்கையில் 2011இல் அப்படித்தான் மாற்றினார்கள். 2013இல் நோய் பரவியபோது ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நிறையப் பேர் அகப்பட்டார்கள். 2015இல் திரும்பவும் 9 மாதத்துக்கே கொண்டுவந்தார்கள். இப்போதைய பிள்ளைகள் ஒரு வயதுக்கு முன்பே அகப்படுவதற்கு ஒரு காரணம் தாய்மாரின் பாதுகாப்பு: அம்மம்மாமார் நோயே வந்து தேறியவர்கள், அவர்களிடம் பிறபொருளெதிரி கூட. 1984இல் இங்கே ஊசி வந்த பிறகு பிறந்த தாய்மாரில் பெரும்பாலானோர் ஊசியால் மட்டும் பாதுகாப்புப் பெற்றவர்கள், பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியதும் குறைவு, அது வேளைக்கே முடிந்துவிடும்.

ஊசி போட்டு ஒரு கிழமை, பத்து நாளில் இலேசான காய்ச்சலோ சிவப்புத் தடிப்போ வந்தால் பயப்பட வேண்டாம், ஊசி வைரசு உள்ளே பெருகுகிறது என்று அர்த்தம். காய்ச்சல் கடுமையாக இருந்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.

சரி, மிச்சம் 15 பேர்? அவர்களுக்காகத்தான் முக்கியமாக 3 வயது ஊசி. பலர் இதை முதல் ஊசிக்கு ஒரு பலம் சேர்ப்பது என்று நினைத்து, பிள்ளை ஓடி விளையாடுகிறதே, பிறகு பார்ப்போம் என்று விட்டுவிடுகிறார்கள். முதல் ஊசி பிடிக்காத பிள்ளைகளில் அநேகமாக எல்லாருக்கும் இரண்டாவது பிடித்துவிடும், ஆனால் உங்கள் பிள்ளை அந்த 15இல் ஒன்றா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. எதிர்ப்பு இல்லாத ஊரில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றும். 2019இல் இலங்கையில் ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த நோய், 2023இல் மறுபடி வந்தது.