குடியிருப்பு அருகே செல்போன் டவர்: மனுவில் என்ன எழுதினால் அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும்?

காலி மனையில் பொக்லைன் இறங்கிய பிறகுதான் பெரும்பாலும் தெருவுக்குச் செய்தி தெரிகிறது. கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறையை ஒட்டிப் புதிதாக எழும் நகர்களில் இது அடிக்கடி நடக்கிறது. உடனே சாலை மறியல், அடுத்த திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு. மனுவில் இருப்பது ஒரே காரணம்: கதிர்வீச்சால் குழந்தைகளுக்கு ஆபத்து. சட்டப்படி மிகவும் பலவீனமான காரணம் அதுதான். அதை மட்டும் நம்பி நிற்கும் மனு நிராகரிக்கப்படும்போது, உண்மையிலேயே கேட்க வேண்டிய கேள்விகளும் சேர்ந்து புதைந்துபோகின்றன. வருந்த வேண்டிய விஷயம் இது. ஏனென்றால் அந்தக் கேள்விகள் வலுவானவை.

முதலில் பார்க்க வேண்டியது, டவர் வரப்போகும் இடம் யாருடையது என்பதை.

2023 தொலைத்தொடர்புச் சட்டமும், அதன்கீழ் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வழியுரிமை விதிகளும் (டவரும் கேபிளும் அமைக்க இடம் பெறுவது பற்றிய விதிகள்) பொது இடத்தையும் தனியார் இடத்தையும் தனித்தனியாக நடத்துகின்றன. ஊராட்சி, நகராட்சி, பொதுப்பணித்துறை போன்றவற்றின் இடம் என்றால் நிறுவனம் முறையாக விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். 67 நாட்களுக்குள் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டதாகவே கருதப்படும். அதனால், "ஃபைல் இன்னும் நிலுவையில் இருக்கிறது" என்று அலுவலகத்தில் சொன்னால் நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள். விண்ணப்பம் எந்தத் தேதியில் வந்தது என்று கேளுங்கள்.

தனியார் பட்டா நிலம் என்றால் நிலைமை வேறு. உரிமையாளரோடு போடும் ஒப்பந்தம்தான் அடிப்படை. முன்பிருந்த வழியுரிமை விதிகளுக்கு 2022இல் வந்த திருத்தத்திலேயே, தனியார் இடத்தில் டவர் அமைக்க உள்ளாட்சியின் முன் அனுமதி தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். வீட்டு மாடி போன்ற கட்டடத்தின் மேல் அமைப்பதானால், வேலை தொடங்கும் முன் எழுத்துமூலம் தகவலும், அந்தக் கட்டடம் பாரத்தைத் தாங்கும் என்ற பொறியாளர் சான்றும் கொடுக்க வேண்டும். அக்கம்பக்கத்தாரின் சம்மதக் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. மக்களுக்குக் கசப்பான செய்திதான் இது. தெரியாமல் மாதக்கணக்கில் அலைவதைவிடத் தெரிந்துகொள்வது மேல்.

ஆனால் டெல்டாவில் "தனியார் இடம்" என்று சொல்லப்படுவதெல்லாம் தனியார் இடமாக இருப்பதில்லை. சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு, நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் நில ஆவணங்களுக்கான மின்சேவை இணையதளத்திலேயே பார்க்கலாம், கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்கலாம். வாய்க்கால் புறம்போக்கு, குளம் புறம்போக்கு என்று இருந்தால் மனுவின் முதல் பத்தி அதுவாகவே இருக்கட்டும். நீர்நிலை ஆக்கிரமிப்பு விஷயத்தில் நீதிமன்றங்கள் கண்டிப்பானவை.

கோயில் நிலமா என்பதைக் குறிப்பாகப் பாருங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கோயில்களுக்கும் மடங்களுக்கும் சொந்தமான மனைகளும் நஞ்சைகளும் ஏராளம். குத்தகைக்கோ அடிமனை வாடகைக்கோ இருப்பவர், தன் சொந்த இடம் போல டவருக்கு விட்டுவிட முடியாது. கோயிலே நேரடியாகக் கொடுத்தாலும், அறநிலையத்துறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் வேண்டும். டவர் ஒப்பந்தங்கள் பொதுவாக அதைவிட நீண்ட காலத்துக்குப் போடப்படுபவை. ஒப்புதல் தருவதற்கு முன் விவரங்களை வெளியிட்டு ஆட்சேபணைகளைக் கேட்க வேண்டும், வந்த ஆட்சேபணைகளைப் பரிசீலிக்கவும் வேண்டும். கோயிலோடு தொடர்புடையவர்கள் சட்டப்படி பேசக்கூடிய ஒரு மேடை இது. இதை யாரும் பயன்படுத்துவதில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

அடுத்து, பழஞ்சின்னங்கள். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் போன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. அங்கே கட்ட தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் வழியாக அனுமதி பெற வேண்டும். உலகப் புகழ்பெற்ற மூன்று கோயில்களுக்கு மட்டுமல்ல, அத்துறையின் பட்டியலில் இருக்கும் சிறிய கற்றளிகளுக்கும் இதே விதிதான்.

தஞ்சாவூரில் விமானப்படைத் தளமும் திருச்சியில் விமான நிலையமும் இருக்கின்றன. டவரின் இடத்துக்கும் உயரத்துக்கும் மத்திய அரசின் அலைவரிசை ஒதுக்கீட்டு நிலைக்குழுவின் (SACFA) அனுமதி வேண்டும். விமானப் பாதைக்கு இடையூறு வருமா என்பதும் அதில் பார்க்கப்படும். அந்த அனுமதியின் நகலைக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மனுவில் எழுத வேண்டாம். டெல்டா 2020 முதல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், ஆகவே இங்கே டவர் கூடாது என்ற வாதம் எடுபடாது. அந்தச் சட்டத்தின் தடைப்பட்டியல் எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலைகள் போன்றவற்றைப் பற்றியது. சாலை, மின்சாரம், தொலைத்தொடர்பு போன்ற உட்கட்டமைப்புகளை அது தடுக்கவில்லை.

இனி கதிர்வீச்சு. பயப்படுகிறவர்களைப் படிக்காதவர்கள் என்று ஒதுக்குவது தவறு. 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ரேடியோ அலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்' என்ற வகையில் வைத்தது. அந்த வகை, சான்று குறைவாக இருப்பதைக் குறிப்பது. டவரிலிருந்து வரும் வலுக்குறைந்த அலைகளால் உடல்நலக் கேடு என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை என்று 2006லேயே அதே நிறுவனம் கூறியிருக்கிறது. இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல், பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கைத் தனக்கு வரம்பாக வைத்தது: 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800இல் 0.9 வாட்.

பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இத்தனை மீட்டர் தள்ளித்தான் டவர் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி எதுவும் சொல்லவில்லை. இருக்கிற தூரக்கணக்கு வேறொன்று. தொலைத்தொடர்புத் துறையின் 2013 வழிகாட்டுதலில், ஆன்டெனாவுக்கு நேர் எதிரே அதே உயரத்தில் கட்டடம் இருந்தால் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கூறப்பட்டிருக்கிறது: ஒரு ஆன்டெனாவுக்கு 20 மீட்டர், ஒரே திசையில் இரண்டென்றால் 35, நான்கென்றால் 45. எனவே டவரின் அடியில் குடியிருப்பவரைவிட, எதிரே மாடியில் ஆன்டெனா உயரத்தில் இருப்பவர்தான் அளந்து பார்க்க வேண்டும்.

2017இல் குவாலியரில் ஒரு டவரை உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்ன செய்தி இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. செய்தி உண்மைதான். ஆனால் அது அந்த ஒரு டவரைப் பற்றிய உத்தரவு. நாடு முழுவதற்குமான தூர வரம்பு எதையும் அது வகுக்கவில்லை.

ஏற்கெனவே இயங்கும் டவரின் மீது சந்தேகம் இருந்தால் அளக்கச் சொல்லலாம். 2017இல் தொடங்கப்பட்ட தரங் சஞ்சார் இணையதளத்தில் உங்கள் பகுதி டவர்களின் விவரம் கிடைக்கும். 4000 ரூபாய் கட்டணத்துடன் கோரினால், தொலைத்தொடர்புத் துறையின் அலுவலர்கள் நேரில் வந்து உங்கள் கண்முன்னே அளந்து தருவார்கள் என்ற ஏற்பாட்டோடு அது தொடங்கியது. தெருவே பங்கு போட்டுக் கட்டினால் பெரிய சுமையில்லை. எழுத்தில் வரும் அளவீட்டு அறிக்கை நூறு கையெழுத்துகளைவிடப் பலன் தரும்.

நான் அதிகம் கவலைப்படுவது கதிர்வீச்சைப் பற்றியல்ல, காற்றைப் பற்றி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது தென்னந்தோப்புகளும் மின்கம்பங்களும் என்ன ஆயின என்பது பேராவூரணி, பட்டுக்கோட்டை மக்களுக்கு மறக்காது. அன்று செல்போன் சேவை அறுந்து உறவினர்களைத் தேடித் தவித்ததும் அதே மக்கள்தான். டவர் வேண்டும், அது விழாத டவராக இருக்க வேண்டும். ஆகவே டவருக்கும் அடித்தளத்துக்குமான கட்டமைப்பு உறுதிச் சான்றைக் கேளுங்கள். வண்டல் மண், உயர்ந்த நிலத்தடி நீர், கடலோரக் காற்று மூன்றும் கணக்கில் எடுக்கப்பட்டனவா, மண் பரிசோதனை நடந்ததா என்று மனுவில் கேளுங்கள். விழுந்தால் எந்த வீட்டின் மேல் விழும் என்று காட்டும் ஒரு கைவரைபடத்தை இணைத்தால், படிக்கும் அதிகாரி அதைத் தாண்டிப் போக மாட்டார்.

ஜெனரேட்டர் சத்தமும் புகையும் அன்றாடத் தொல்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணிக்குமேல் 45 டெசிபெல் என்பதே சட்டம் சொல்லும் அளவு. இதற்கான புகார் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

யாரிடம் போவது? டவர் தொடர்பான பொதுமக்கள் குறைகளைக் கேட்க மாவட்ட அளவில் ஒரு தொலைத்தொடர்புக் குழு வேண்டும் என்று மேலே சொன்ன 2013 வழிகாட்டுதல் கூறுகிறது. எனவே ஆட்சியரிடம் தரும் மனுவில் "மாவட்டத் தொலைத்தொடர்புக் குழுவின் பரிசீலனைக்கு" என்று எழுதிக் கொடுங்கள், மனு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதே நாளில் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு ஒன்றை உள்ளாட்சி அலுவலகத்துக்கு அனுப்பி, விண்ணப்பத் தேதி, குத்தகை ஆவணம், பொறியாளர் சான்று ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கிராமசபைத் தீர்மானம் டவரைத் தானாக நிறுத்திவிடாது. ஆனாலும் ஊர் எதிர்த்தது என்பதற்கு அது பதிவு. ஊராட்சித் தலைவர் இல்லாத காலமென்றால் தனி அலுவலரிடம் கொடுங்கள்.

கோபத்தில் கேபிளை அறுப்பது, இயந்திரங்களை உடைப்பது கூடவே கூடாது. தொலைத்தொடர்புக் கட்டமைப்பைச் சேதப்படுத்தினால் 2023 சட்டத்தின்படி 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். ஒரு விவசாயக் குடும்பத்தையே அது அழித்துவிடும்.

எல்லாக் கதவும் அடைபட்டால் உயர்நீதிமன்றம். தஞ்சாவூர், திருச்சி மாவட்டத்துக்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்களுக்குச் சென்னைதான். அதிகாரிகளுக்கு முதலில் மனு கொடுத்து அதற்கு ஒப்புகையும் வைத்திருந்தால்தான், அந்த மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலிக்க உத்தரவிடுங்கள் என்றாவது கேட்க முடியும். வழக்கறிஞரிடம் போகும்போது அந்த ஒப்புகையையும் 'அ' பதிவேட்டு நகலையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.