நான்காம் நாள் கொடுத்த மாத்திரை

சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் ஏரியை ஒட்டி ரிகி என்று ஒரு மலை. அங்குள்ள தியான மையம் ஒன்றில், தியானத்தில் நன்கு பழகிய 39 பேர் ஐந்து நாள் மௌனத்தில் இருந்தார்கள். ஜென் மரபில் இதற்குச் செஷின் என்று பெயர். (நம்முடைய ‘தியானம்’தான் சீனத்தில் ‘சான்’ ஆகி, ஜப்பானில் ‘ஜென்’ ஆனது.) உட்காருவது, மெதுவாக நடப்பது, மறுபடியும் உட்காருவது, அவ்வளவுதான். நான்காம் நாள் மாத்திரை கொடுத்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சிலோசைபின் என்ற, மனநிலையைச் சில மணி நேரம் மாற்றிவிடும் மருந்து; மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுத்தவர்களுக்கும் தெரியாது.

சூரிச்சில் மூளை ஆய்வாளர் ஃபிரான்ஸ் ஃபோலன்வைடரின் குழு செய்த இந்த ஆய்வு 2019இல் வெளியானது. மருந்தின் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 315 மைக்ரோகிராம். 70 கிலோ எடையுள்ளவருக்கு 22 மில்லிகிராம் வரும்.

சிலோசைபின் சிலவகைக் காளான்களில் இருக்கும் பொருள். உடலுக்குள் போனதும் பாஸ்பேட் பகுதியை இழந்து சிலோசின் ஆகிறது. சிலோசினின் வடிவம், மூளையில் இயல்பாகவே சுரந்து நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் செரோட்டோனினைப் போன்றது. அதனால் நரம்பணுவின் மேல் செரோட்டோனின் வந்து பொருந்தும் இடங்களில் ஒன்றான 2ஏ என்ற ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஏற்பியை வேறொரு மருந்தால் முன்கூட்டியே அடைத்துவிட்டால் சிலோசைபின் அனுபவம் வருவதில்லை. ஃபோலன்வைடர் குழுவே இதை 1998இல் காட்டியிருந்தது.

சரி, தியானத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? சும்மா இருக்கும்போது மனம் சும்மா இருப்பதில்லை. அவர் ஏன் அப்படிச் சொன்னார், நாளைக்கு என்ன ஆகும், என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் மூளைப் பகுதிகளை ‘இயல்புநிலை வலையமைப்பு’ என்கிறார்கள். நெற்றிக்குப் பின்னால் நடுப்பகுதியில் ஒரு முனை, மூளையின் பின்பக்க நடுவில் இன்னொரு முனை. நீண்டகாலம் தியானம் செய்தவர்களிடம் தியானத்தின்போது இதன் இயக்கம் குறைவதை 2011இல் கண்டார்கள். அடுத்த ஆண்டே, சிலோசைபினும் இதே முனைகளை அடக்குவது தெரியவந்தது. பல வருட உழைப்பும் ஒரு மாத்திரையும் ஒரே இடத்தைத் தொடுகின்றன!

ரிகி மலையில் இருந்தவர்களை முகாமுக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். சிலோசைபின் உட்கொண்டவர்களிடம், தியானத்தின்போது அந்த இரு முனைகளின் பிணைப்பு தளர்ந்திருந்தது. ‘நான்’ கரைந்துபோன உணர்வு யாருக்கு அதிகமோ, அவர்களிடம் தளர்ச்சியும் அதிகம்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று: அவர்களுக்குப் பயம் அநேகமாக வரவே இல்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2006இல் வெளியான சிலோசைபின் ஆய்வில், சற்றே கூடுதலான அளவு எடுத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கடும் பயத்தை அனுபவித்தார். அளவு வேறு, ஆட்களும் வேறு என்பதால் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் காரணத்தை ஊகிக்கலாம். ‘நான்’ என்ற பிடி திடீரென்று நழுவினால், பழகாதவருக்குச் செத்துப்போகிறோமோ என்றுதான் தோன்றும். எழும் எண்ணத்தைத் துரத்தவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம் என்று பழகியவருக்கு, அதுவும் வந்து போகும் இன்னொன்று. கூடவே மூச்சு இருக்கிறது, பக்கத்தில் அசையாமல் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சடங்கின் வேலையும் இதுதான் என்று நினைக்கிறேன். மெக்சிகோவின் உவாட்லா ஊரில் மரியா சபினா என்ற மசாடெக் பழங்குடி மருத்துவச்சி, இரவு முழுக்கப் பாடிக் காளான் சடங்கு நடத்துவார். காளானிலிருந்து சிலோசைபினைப் பிரித்தெடுத்த வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன், 1962இல் அவரிடம் மாத்திரைகளைக் கொண்டுபோனார். சடங்கு முடிந்ததும், காளானில் உள்ள ஆவி இதிலும் இருக்கிறது என்றார் மரியா சபினா. காளான் மாத்திரையாக மாறியபோதும், இருட்டும் பாட்டும் விடியும்வரை கூட இருப்பவர்களும் மாறவில்லை.

ரிகி ஆய்வில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இவ்வளவு வலுவான மருந்தில், தனக்கு எது கிடைத்தது என்பதை எடுத்தவர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார். மனச்சிதைவு நோய் உள்ளவர்களையும் குடும்பத்தில் அது இருப்பவர்களையும் இத்தகைய ஆய்வுகளில் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு ஆபத்து நிஜமானது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி சிலோசைபின் வைத்திருப்பதே குற்றம். வீட்டில் தனியாகச் செய்து பார்க்கும் விஷயம் இல்லை இது.

அப்புறம் என்ன ஆகிறது என்பதற்கு 2018இல் வந்த இன்னொரு ஹாப்கின்ஸ் ஆய்வு உதவுகிறது. மொத்தம் 75 பேர். எல்லோருக்கும் தினசரித் தியானம், நாட்குறிப்பு எழுதுவது போன்ற பயிற்சிகளைச் சொல்லித் தந்தார்கள். சிலோசைபினைக் கூடுதல் அளவில் எடுத்த இரு குழுக்களில் ஒன்றுக்குச் சுமார் 7 மணி நேர வழிகாட்டல், மற்றதற்குச் சுமார் 35 மணி நேரம். மருந்து இரண்டுக்கும் ஒன்றே. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அதிக வழிகாட்டல் பெற்றவர்களிடமே மாற்றம் கூடுதல். எலிகளில், ஒரே முறை கொடுத்த சிலோசைபினால் முளைத்த நரம்பு முட்கள் (ஒரு நரம்பணு மற்றொன்றோடு இணையும் சிறு முளைகள்) ஒரு மாதம் கழித்தும் இருந்ததை 2021இல் கண்டிருக்கிறார்கள். மனிதர்களிலும் அப்படி ஒரு காலம் உண்டென்றால், அந்த நாட்களில் என்ன பழகுகிறோம் என்பது முக்கியமாகிறது.

ரிகி மலையில் ஐந்தாம் நாள் மாத்திரை இல்லை. மறுபடியும் உட்கார்ந்தார்கள்.