டாக்குக்கு அடியில் ஓடும் வயர்

ஒன்ராறியோவில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். வசந்தத்தில் ஏரிப் பனி கரைந்ததும் கவார்த்தா, மஸ்கோகா பக்கத்துக் காட்டேஜ்களிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கும்.

அப்படிப் போன இடத்தில், டாக்கில் (படகுத்துறையில்) பார்த்த ஒரு போட் லிஃப்ட், அதாவது படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி வைக்கும் அமைப்பு, உண்மையிலேயே அழகான வேலை. இரும்புக் குழாய்ச் சட்டம், நாலு மூலையிலும் கப்பி, எல்லாம் ஓய்வுபெற்ற அண்ணை ஒருவர் தன் கையாலேயே செய்தது. தூக்குவது பழைய 120 வோல்ட் மோட்டர். அதற்குக் கரண்ட் வந்தது சாதாரண எக்ஸ்டென்ஷன் வயரில். நடுவில் கறுப்பு டேப் சுற்றிய ஒட்டு. பிளக்கில் எர்த் கால் வெட்டியிருந்தது. "ஆறு வருஷமா ஓடுது தம்பி" என்றார். ஏணியைப் பிடித்தால் சில நேரம் கை குறுகுறுக்கிறது என்று பேரன் சொன்னானாம். மீன் கடித்திருக்கும் என்று சிரித்திருக்கிறார்கள்.

மீட்டரின் ஒரு முனையைச் சட்டத்திலும் மற்றதைச் சற்றுத் தள்ளித் தண்ணீரிலும் வைத்து மோட்டரை ஓடவிட்டேன். முள் எழும்பியதும் அண்ணையின் பேச்சு நின்றுவிட்டது.

பிரேக்கர் விழுந்திருக்க வேண்டாமா என்று கேட்டார். விழாது. 15 ஆம்ப் பிரேக்கர் வயரைக் காப்பாற்றத்தான், ஆளை அல்ல. சட்டத்திலிருந்து தண்ணீருக்குள் கசியும் கரண்ட் அதற்குப் பொருட்டே இல்லை. ஆனால் 10 மில்லி ஆம்ப் அளவு உடம்புக்குள் போனாலே தசை இறுகிவிடும். நீச்சல் தெரிந்தவரும் கத்தக்கூட முடியாமல் மூழ்குவார். கடலைவிட ஏரியில் இந்த ஆபத்து அதிகம். நம் உடம்பில் உப்பு உண்டு, ஏரித் தண்ணீரில் அவ்வளவு இல்லை. கரண்டுக்கு உடம்புதான் சுலபமான வழி. காயமும் இருக்காது, வெறும் நீரில் மூழ்கிய மரணமாகவே தெரியும். நேற்றுக் குளித்தோமே, ஒன்றும் ஆகவில்லையே என்பதும் கணக்கில் வராது. மோட்டரோ டாக் லைட்டோ ஓடும்போது மட்டும் கசியலாம்.

இதற்கு ஜி.எஃப்.சி.ஐ. என்ற கசிவுத் துண்டிப்புக் கருவி வேண்டும். போன கரண்டும் திரும்பிய கரண்டும் 5 மில்லி ஆம்ப் அளவு வித்தியாசப்பட்டாலே துண்டித்துவிடும். பலர் அதை டாக் நுனியில் மாட்டுகிறார்கள். அப்போது அதுவரை வரும் வயருக்குப் பாதுகாப்பே இல்லை. கரையில், லைன் தொடங்கும் இடத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். இந்த வேலைக்கு இங்கே மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்து அனுமதி எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காட்டேஜ்காரர் பாதிப்பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

தண்ணீரில் குறுகுறுப்புத் தெரிந்தால் ஏணியைப் பிடிக்காதீர்கள், டாக்கை விட்டு விலகி நீந்துங்கள். கரையில் இருப்பவர் உள்ளே குதிக்கவே கூடாது. முதலில் மெயினை நிறுத்திவிட்டு, அப்புறம் மிதவையை வீசுங்கள்.

படகைக் கையால் சுற்றித் தூக்கும் வின்ச் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிரேக் இல்லாத சக்கரம் படகின் எடையில் தானாகச் சுழன்றால், பிடிக்கப்போன கை முறியும்.

அண்ணை மோட்டரைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் பேட்டரி வின்ச் போட்டார், சார்ஜ் ஏற்ற ஒரு சிறிய சோலார் தகடும். படகு மெதுவாக ஏறுகிறது என்று இன்னமும் எனக்கு ஃபோன் செய்து குறைப்படுகிறார்.