பழைய காருக்குள் நாற்றமா? முதலில் சென்ட் டப்பாவைக் கழற்றுங்கள்

ரங்கூனில் கார் ஏசி வேலையும் உள்பக்கம் சுத்தம் செய்யும் வேலையும் பார்க்கிறேன். "உள்ளே உட்காரவே முடியவில்லை" என்று சொல்லி வரும் வண்டிகளில் ஏசி துவாரத்தில் ஒரு சென்ட் டப்பாவும் கண்ணாடிக்குக் கீழே ஒரு சென்ட் அட்டையும் அநேகமாக இருக்கும். முதலில் அவை இரண்டையும் கழற்றச் சொல்வேன். சென்ட் போட்டதால் எந்த நாற்றமும் போனதில்லை. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க நமக்கு இருப்பது மூக்கு ஒன்றுதான், அதையும் சென்ட் குழப்பிவிடும். அதனால் ராத்திரி முழுக்க வண்டியைச் சாத்தி வைத்து, காலையில் ஒவ்வொரு கதவாகத் திறந்து, கார்பெட், சீட், டிக்கி, ஏசி துவாரம் என்று தனித்தனியாக முகர்ந்து பார்ப்பேன். குனிந்து முகரக் கூச்சப்பட்டால் இந்த வேலை நடக்காது.

நம் ஊரில் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானில் ஓடிவிட்டு வந்தவை. 2011-இல் இறக்குமதி விதிகள் தளர்ந்த பிறகு வந்து குவிந்தவைதான் இன்றைக்கு டாக்சியாகவும் குடும்ப வண்டியாகவும் ஓடுகின்றன. வண்டிக்கு வயதாகிவிட்டது, ரப்பர்களும் இறுகிப்போய்விட்டன. இங்கே மழையோ மே மாத நடுவில் பிடித்தால் அக்டோபர் வரை விடாது. வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர் இது. அதனால் நாற்றம் என்று யார் வந்தாலும் நான் முதலில் தேடுவது தண்ணீரைத்தான்.

ஏசியிலிருந்தே ஆரம்பிக்கலாம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் குளிரும்போது காற்றின் ஈரம் அதன்மேல் நீராகப் படியும். அந்த நீர் ஒரு சின்ன டிரெயின் ஹோஸ் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். தூசியும் இலைத்தூளும் சேர்ந்து ஹோஸ் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே வழியும். காயிலில் பூஞ்சை பிடித்து, ஏசி போட்டவுடன் ஊறின துணி வாடை முகத்தில் அடிக்கும்.

இதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 1970-இல் இந்த நாடு சாலையின் வலப்பக்கம் ஓட்டும் முறைக்கு மாறியது. ஆனால் ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளில் ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான். ஏசிப் பெட்டி பெரும்பாலும் இடப்பக்கம், முன் பயணியின் கால்மாட்டுக்கு மேலே இருக்கும். தண்ணீர் வழிந்தால் அங்கேதான் வழியும், தனியாக ஓட்டுபவர் அந்தப் பக்கம் கால் வைப்பதே இல்லை. போன மழைக்காலத்தில் டாக்சி ஓட்டும் ஒரு அண்ணன், "தம்பி, மேட் காய்ஞ்சுதானே இருக்கு?" என்று கேட்டார். மேட்டை எடுத்துவிட்டு கார்பெட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அழுத்திய இடத்தில் தண்ணீர் மேலே வந்தது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். புழுக்கமான நாளில் வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, ஏசியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, கீழே குனிந்து பாருங்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். துளிகூட விழவில்லை, ஆனால் ஏசி நன்றாகக் குளிர்கிறது என்றால் ஹோஸ் அடைப்பாக இருக்கலாம். அப்புறம் இடப்பக்கம் உள்ள டேஷ் பெட்டியைக் கழற்றினால் பல வண்டிகளில் பின்னால் கேபின் ஃபில்டர் இருக்கும். சில பழைய மாடல்களில் ஃபில்டரே இருக்காது. தூசி எல்லாம் நேராகக் காயிலுக்குப் போய்விடும், அதனால் காயிலை அடிக்கடி கழுவ வேண்டிவரும். வீடு சேர இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும்போது ஏசியை நிறுத்தி, காற்றாடியை மட்டும் ஓடவிடுங்கள். காயில் காய்ந்துவிடும். காசில்லாத இந்தப் பழக்கத்தை நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

சரி, ஏசியில் குறையில்லை, ஆனாலும் கார்பெட் ஈரம் என்றால் மழை எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். முன்கண்ணாடிக்கு அடியில் வைப்பர் இருக்கும் பள்ளத்தில் இலை அடைத்திருக்கலாம். மேல்கூரைக் கண்ணாடி வைத்த வண்டி என்றால் அதன் நான்கு மூலைக் குழாய்களில் ஒன்று அடைத்திருக்கலாம். கதவுக்குள் கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் கதவின் அடி ஓட்டைகள் வழியே வெளியேற வேண்டும். உள் பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை ஸ்பீக்கர் மாட்டியவர் கிழித்துவிட்டிருந்தால் அது வண்டிக்குள்ளேயே வரும். டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கிப் பாருங்கள். அந்தக் குழியில் குளம்போல் நிற்பதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

கார்பெட்டுக்கு அடியில் தடிமனான ஒரு மெத்தை உண்டு. மேல்பக்கம் காய்ந்துவிடும், மெத்தை காயாது. ஏப்ரல் தண்ணீர்த் திருவிழாவில் ஜன்னல் வழியாக வாளி வாளியாக வாங்கிக்கொண்டு, மேட்டை மட்டும் வெயிலில் போட்டுவிட்டுத் திருப்தி அடைபவர்கள் நிறையப் பேர். மே மாதம் மழை பிடித்ததும் நாற்றத்தோடு வருவார்கள். அந்த ஈரம் தரைத்தகட்டை அடியிலிருந்து அரிக்கும், ஒயர் இணைப்புகளில் பச்சை பிடிக்க வைக்கும். இதற்கு ஷாம்பு போட்டுத் தேய்ப்பது வீண் வேலை, மேலும் தண்ணீர்தான் சேரும். சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, மெத்தையை வெளியே எடுத்துக் காயவைக்க வேண்டும். தூளாக உதிர்ந்திருந்தால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் காத்திருக்காமல் அதில் கை வைக்காதீர்கள், அதைவிடத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.

சாப்பாட்டு வாடை வேறு கதை. வீட்டிலேயே சரிசெய்யப் பார்ப்பவர்கள் எல்லாவற்றுக்கும் ஆப்பசோடாவைத் தூவுகிறார்கள். பால், தயிர், வாந்தி போன்ற புளித்த வாடைக்கு அது சரி, ஏனென்றால் அமிலத்தைச் சோடா முறிக்கும். ஆனால் சந்தையிலிருந்து வரும்போது ஙப்பி (புளிக்கவைத்த மீன் விழுது) டப்பா கவிழ்ந்தாலோ, மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) பார்சல் சீட்டில் கொட்டினாலோ சோடா பெரிதாக உதவாது. மீன் வாடை காரத்தன்மை உள்ளது. அதற்குத் தண்ணீர் கலந்த வினிகரோ எலுமிச்சைச் சாறோதான் வேலை செய்யும். முதலில் சாப்பாட்டை முழுக்க வழித்தெடுத்து, ஈரத்துணியால் ஒற்றி, அதற்குப் பிறகு இதைத் தடவுங்கள். துணியின் மறைவான மூலையில் தடவி நிறம் போகிறதா என்று பார்த்துவிட்டுச் செய்வது நல்லது. பிளீச்சை மட்டும் வண்டிக்குள் கொண்டுவராதீர்கள். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அடைத்த இடத்தில் அது நுரையீரலைப் பாதிக்கும்.

சிகரெட் வாடை கண்ணாடியிலும் கூரைத் துணியிலும் பிசினாகப் படிந்திருக்கும். கூரைத் துணியை நனைய விடாமல், பிழிந்த துணியால் மெல்லத் துடைக்க வேண்டும். பசை விட்டால் துணி தொங்கிவிடும். ஓசோன் மெஷின் வைத்து வாடை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வண்டிக்குள் ஆள் இருக்கும்போது அதை ஓட்டவே கூடாது, முடிந்ததும் எல்லாக் கதவையும் திறந்து நன்றாகக் காற்றாட விடவேண்டும். ஈரத்தை எடுக்காமல் ஓசோன் போட்டால் சில நாளில் பழைய வாடை திரும்பிவிடும். அழுகின வாடை ஏசி போட்டால் மட்டும் வருகிறதா? காற்றை ஊதும் ப்ளோயரில் எலி செத்திருக்கலாம். கையுறையும் முகக்கவசமும் போட்டு, கிருமிநாசினி தெளித்த பிறகே எடுங்கள்.

இனி சொல்லப்போகும் வாடைகளைச் சுத்தம் செய்கிற வேலையாக நினைக்காதீர்கள். அவை ஆபத்தின் அறிகுறி.

பெட்ரோல் வாடை என்றால் எங்கோ ஹோஸ் வெடித்திருக்கலாம், வண்டியை ஓட்ட வேண்டாம். சி.என்.ஜி. சிலிண்டர் வைத்த வண்டியில் கேஸ் வாடை வந்தால் இன்ஜினை அணைத்து, கதவுகளைத் திறந்து, எல்லாரையும் இறக்கிவிட்டு, எட்டினால் சிலிண்டர் வால்வை மூடுங்கள். பக்கத்தில் யாரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது. பாகுபோல் தித்திப்பான வாடையும் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து வந்தால் ஹீட்டரிலிருந்து கூலண்ட் கசிகிறது. "நம் ஊரில் யார் ஹீட்டர் போடுகிறார்கள்?" என்று கேட்பார்கள். ஹீட்டர் போடாவிட்டாலும் பல வண்டிகளில் கூலண்ட் அது வழியாகத்தான் சுற்றுகிறது.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது புகை வாடைக்கு. சைலன்சர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, நாம் முகர்வது அதோடு வரும் மற்ற புகையைத்தான். அதனால் வாடை குறைவாக இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளக்கூடாது. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் புரோபாக்ஸ் மாதிரியான வண்டிகளில் ஓடும்போது பின்னால் எழும் சுழற்காற்று புகையைக் கதவை நோக்கி இழுக்கும். பின்கதவு ரப்பர் பீடிங் தேய்ந்திருந்தால் அது உள்ளே வந்துவிடும். சாமான் ஏற்றிக்கொண்டு பின்கதவைத் திறந்து கட்டி ஓட்டுவதும் இதனால்தான் ஆபத்து. பின்சீட்டில் உட்கார்ந்தவருக்குத் தலைவலியும் குமட்டலும் வந்து, வண்டியை விட்டு இறங்கினால் சரியாகிறது என்றால் அதை வெறும் பயணக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். மின்சாரம் போன ராத்திரிகளில் வண்டிக்குள் ஏசி போட்டுக் குழந்தைகளோடு தூங்கலாம் என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும் என்பதும் தப்பு.

பின்கதவு பீடிங்கைச் சோதிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். ரப்பர்மேல் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு இழுங்கள். பிடித்துக்கொண்டு வந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் இடைவெளி. கதவைச் சுற்றிலும் இப்படிப் பாருங்கள். பீடிங் மாற்றியும் வாடை வருகிறதென்றால் வண்டியைத் தூக்கி சைலன்சர் இணைப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவரை அந்த வண்டியில் யாரையும் ஏற்றாதீர்கள்.