ஓகஸ்டில் முந்திரிகைக்குப் பசளை போடாதீர்கள்

முந்திரிகைக் கொடி (திராட்சைதான்) செத்துப்போச்சு என்று இந்த மார்ச்சில் மட்டும் இது ஐந்தாவது வீடு. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு ஐயா. பின்வளவில் மூன்று வயது முந்திரிகைக் கொடி, ஹிம்ரொட் இனம். "தம்பி, குளிர் தாங்கும் எண்டு சொல்லித்தான் கடையில தந்தவங்கள். பாரும், செத்துப்போச்சு."

ஒரு தடியைப் பிடித்து மொட்டைக் குறுக்கே சீவினேன். உயிருள்ள மொட்டின் நடுவில் பச்சை தெரியும். இது கருகிக் கிடந்தது. அடுத்த மொட்டும் அப்படித்தான். தடியோ விரல் தடிப்பு, நுனிப்பக்கம் பட்டையே பிடிக்கவில்லை. பசளை எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். செப்டம்பர் முடியும் வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை கோழி எருவாம். தண்ணீரும் விடாமல் ஊற்றியிருக்கிறார்.

குளிரின் மேல் பழி போடாதீர்கள். கொடிக்குச் செல்லம் கூடிப்போய்விட்டது.

"குளிர் தாங்கும் இனம்" என்பதைக் கம்பளிச் சட்டை போல நினைக்கிறோம். வாங்கி நட்டுவிட்டால் எந்த மாதக் குளிரையும் தாங்கும் என்று. அப்படி இல்லை. விஸ்கொன்சினில் எல்மர் ஸ்வென்சன் உருவாக்கிய சோமர்செட் சீட்லெஸ் என்ற இனம் மைனஸ் 30 பாகையையும் தாங்கும். அது நடுப்பனிக்காலத்தில், முற்றிய தடி தாங்கும் குளிர். அதே கொடி ஒக்டோபரில் பச்சைத் தடியோடு நின்றால் சாதாரண உறைபனியே போதும், நுனி கருகிவிடும். ஓகஸ்டில் பகல் குறையும்போது கொடி வளர்ச்சியை நிறுத்த வேண்டும். பச்சைத் தடி அடியிலிருந்து மண்ணிறமாகி, மாப்பொருளைச் சேர்த்து, தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் எருவைக் கொட்டினால் அது புதுத் தளிர் விடத்தானே பார்க்கும்? குளிர் தாங்கும் தன்மையில் பாதிதான் இனத்தோடு வருகிறது. மற்றப் பாதி ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் புதிதாக உண்டாக வேண்டும். எத்தனை வீட்டில்தான் இதைச் சொல்வது!

பசளை போட வேண்டுமென்றால் வசந்தத்தில் ஒருமுறை, அதுவும் கொஞ்சம். ஜூலைக்குப் பிறகு கையை எடுத்துவிடுங்கள். புல்லுக்குப் போடும் பசளையும் கொடியின் வேருக்குப் போகும், அதையும் கவனியுங்கள்.

"இலை நல்லா வருது, காய்தான் இல்லை" என்பவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. முந்திரிகையின் ஒரு மொட்டுக்குள் மூன்று மொட்டுகள் உண்டு. காய் தருவது பெரும்பாலும் முதல் மொட்டு, குளிரில் முதலில் சாவதும் அதுதான். பிறகு துளிர்ப்பது துணைமொட்டு. அதில் இலை வரும், குலை வருவது அபூர்வம். ஆகவே கத்தரிக்க முன் பத்து மொட்டையாவது சீவிப் பாருங்கள். பாதி செத்திருந்தால் வழமையைவிட இரண்டு மடங்கு மொட்டு விட்டு வெட்டுங்கள்.

வெட்டுவதற்குத்தான் எல்லோருக்கும் பயம். யாழ்ப்பாணத்தில், வலிகாமத்துச் செம்மண்ணில் ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் பந்தலை மொட்டையாகக் கத்தரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களே இங்கே ஒரு கொப்பை வெட்டத் தயங்குகிறார்கள். போன வருடத்து வளர்ச்சியில் பத்தில் ஒன்பது பங்கு போக வேண்டும். ஹிம்ரொட்டுக்கு நான்கு நல்ல தடி, தடிக்குப் பத்துப் பன்னிரண்டு மொட்டு போதும். அடிமொட்டில் அது சரியாகக் காய்க்காது, அதனால் எல்லாத் தடியையும் குட்டையாக்கிவிட வேண்டாம். வெட்டாத கொடியில் தடிகள் ஒன்றின் நிழலில் ஒன்று கிடக்கும். நிழலில் கிடக்கும் தடி முற்றாது, முற்றாதது குளிரில் போகும்.

ஏப்ரலில் வெட்டினால் வெட்டுவாயில் சொட்டுச் சொட்டாக நீர் வடியும். ஒரு அக்கா அதில் மஞ்சள் அப்பி, பொலித்தீன் சுற்றி, நூலால் கட்டியிருந்தார். "அழுது தம்பி, பார்க்க ஏலாமக் கிடக்கு" என்றார். அது வேர் மேலே தள்ளும் தண்ணீர், அக்கா. கொடிக்கு ஒரு கெடுதியும் இல்லை, வேர் விழித்துவிட்டது என்றுதான் அர்த்தம். கட்டை அவிழ்த்துவிடுங்கள்.

இனத்தைப் பற்றிச் சுருக்கமாக: கடையில் வாங்கித் தின்னும் தொம்சன் சீட்லெஸ்ஸை இங்கே நடவே வேண்டாம். அதையும் ஒன்ராறியோ என்ற பெயருள்ள ஒரு முந்திரிகையையும் கலந்து நியூயோர்க்கின் ஜெனீவாவில் எடுத்ததுதான் ஹிம்ரொட். 1952இல் வெளிவந்தது. ரொறன்ரோவுக்குச் சரி. உலர்த்தினால் நல்ல பிளம்ஸ் (உலர்திராட்சை) கிடைக்கும். ஒட்டாவாக்காரர் சோமர்செட் வையுங்கள், இல்லையென்றால் இலை கொட்டியதும் கொடியை நிலத்தில் படுக்கவைத்து வைக்கோலால் மூடுங்கள். தொட்டியில் வைத்துப் பனிக்காலத்தில் வெளியே விடாதீர்கள். தடி தாங்கும் குளிரை வேர் தாங்காது. முதல் இரண்டு வருடக் குலையையும் கிள்ளி எறியுங்கள், மனம் கேட்காவிட்டாலும். ஒழுங்காக வளர்ந்த ஒரு கொடி வருடத்துக்கு ஐந்து கிலோவுக்குக் குறையாமல் தரும். இரண்டு கொடி இருந்தால் ஒரு குடும்பம் தின்று, மிச்சத்தைக் குளிர்ப்பெட்டியிலும் போடலாம்.

ஐயா மண்வெட்டியை வெளியே எடுத்து வைத்திருந்தார். திரும்ப உள்ளே வைக்கச் சொன்னேன். அவருடையது ஒட்டுக்கட்டாத கொடி, அடியிலிருந்து துளிர்த்தாலும் அதே ஹிம்ரொட்தான் வரும். உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: ஜூன் நடுப்பகுதி வரை ஒரு கொடியையும் தோண்டாதீர்கள்.